சித்திரப் பாடம் யாருக்கு வேண்டும்?

(எமது இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திற் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் இம்மேடையிற் பேசவேண்டுமென்று மன்றத்தார் கேட்டபோது, சமயத்தைப் பற்றியோ, மொழியைப் பற்றியோ, உத்தியோகத்தைப் பற்றியோ நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக் கல்வி. முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறோம். "சித்திரம் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று தம் வீட்டுப் பிள்ளையைக் கேட்டவர்கள் அவர்கள். அக்கேள்வியிற் பிழையில்லை. விடியுமுன் கடலுக்குப் போய் உழைத்த காசிலும், கிணற்று நீர் இறைத்து விளைவித்த தோட்டக் காசிலும் பிள்ளையைப் படிப்பிக்கும் தகப்பன் அப்படித்தான் கேட்பான்; கேட்கவும் வேண்டும். அக்கேள்விக்கு மறுமொழி சொல்லும் கடமை படித்தவர்களைச் சேர்ந்தது.

முதலில் நம் பிள்ளைகளின் சித்திரக் கொப்பியைத் திறந்து பாருங்கள். இரண்டு மலைகள்; அவற்றின் நடுவே கதிர் விரித்த சூரியன்; மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு; கரையிலே ஓலைக் குடிசை, ஒரு தென்னை; வானத்திலே பறவைகளென்று நாலைந்து வளைகோடுகள். இந்தப் படத்தை வரையாத பிள்ளை இக்கரையில் உண்டோ? கற்பிட்டித் தீபகற்பத்தில் மலை எங்கே இருக்கிறது? மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவிலே மணல். நம் ஊரின் பெயரிலே குறிஞ்சி இருப்பதனாற் பிள்ளைகள் மலை வரைகிறார்கள் என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். பெயர் குறிஞ்சியாயினும் நிலம் நெய்தலென்பதைச் சங்க இலக்கியம் படியாதவரும் அறிவர். நாள்தோறும் காணும் நுரைச்சோலைப் புகைபோக்கியோ, மாம்புரிப் பக்கத்துக் காற்றாடிகளோ, கரையில் ஏற்றிவைத்த வள்ளமோ, வெங்காயப் பாத்தியோ அக்கொப்பியில் இல்லை. கண்ணாற் காணாத மலையை வரைந்து, கண்முன் நிற்கும் கடலை விட்டுவிடும் பிள்ளைக்குச் சித்திரம் கற்பித்தோமென்று சொல்லலாமா?

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. கரும்பலகையில் யாரோ வரைந்ததை அது பார்த்து எழுதிற்று. அவரும் தம் ஆசிரியரைப் பார்த்து எழுதியவரே. இப்பழக்கம் வந்த வழி நெடியது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தபோது, ஆங்கிலேயர் தம் ஆலைப்பொருள்கள் அழகிலும் வடிவிலும் பிறநாட்டார் பொருளுக்குப் பின்னிற்பதைக் கண்டனர். ஹென்றி கோல் முதலியோர் முயற்சியால், தென் கென்சிங்டனை நிலையமாகக் கொண்டு ஒரு சித்திரப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. அதில் 23 படிகள். நேர்கோடு, வளைகோடு, வடிவ கணிதம், அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைதல் என்று படிப்படியாக மாணாக்கன் ஏறவேண்டும். சொந்தமாக ஒரு வடிவத்தை ஆக்கும் பயிற்சி உயர்ந்த படிகளிலேதான் வரும். பெரும்பாலோர் அதுவரை ஏறவேயில்லை. இத்திட்டமே கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது.

நாம் படித்ததும் ஒரு மிஷன் பாடசாலையிலேதான். கனசதுரம், கூம்பு, உருளை இவற்றை மேசைமேல் வைத்து, ஒளி விழும் பக்கத்தையும் நிழல் விழும் பக்கத்தையும் வரையச் செய்தார்கள். கை உறுதிப்பட்டதென்பதை நன்றியோடு சொல்லவேண்டும். அடிமட்டமில்லாமல் ஒரு நேர்கோடு இழுக்க இன்றும் எமக்கு வரும். ஆயினும் மேசைமேலிருந்த அந்த உருளைக்கும், வீட்டில் அம்மா தண்ணீர் அள்ளும் செம்புக்கும் உறவுண்டென்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் ஒருவர் இந்நாட்டில் நூறாண்டுக்கு முன்னரே இருந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1877இற் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, மண்ணியல் அறிஞராக இலங்கைக்குத் திரும்பி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் கண்ணிற் கம்மாளரும், நெசவாளரும், பாய் பின்னுவோரும் பட்டனர். அவர்களைப் பற்றி அவர் எழுதிய 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் வெளிவந்தது. அக்கைவினைஞர் வீடுகளிற் பிள்ளைக்கு முதற்பாடம் ஒரு வளைகோடு. அதையே மீண்டும் மீண்டும் வரையவேண்டும். அதுவும் பார்த்து எழுதுதல்தானே என்பீர்கள். ஆம், பார்த்து எழுதுவது தன்னளவிற் குற்றமன்று. அந்தக் கோடு மறுநாள் ஒரு கொடியாகும், பின்னொரு நாள் யானைத்தந்தச் சீப்பின் விளிம்பாகும், கோயிற் கதவின் பூட்டாகும் என்று பிள்ளைக்குத் தெரியும். தகப்பன் கையில் அது ஆவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. நம் பாடசாலை மலைக்கு அப்படி ஆகுமிடம் ஒன்றுமில்லை. கொப்பியில் தொடங்கிக் கொப்பியிலேயே முடிகிறது.

இதனை மாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். 1920இல் சி. எவ். வின்ஸர் என்னும் ஆங்கில ஓவியர் சித்திரக் கல்விப் பரிசோதகராக இலங்கைக்கு வந்தார். ஐரோப்பாவின் புதிய ஓவிய நெறிகளை இங்கே அறிமுகம் செய்து, உள்நாட்டு ஓவியரை ஊக்கினார். அவருக்குப்பின் அப்பதவியை வகித்த ஜெப்ரி பீலிங், பிள்ளை தான் கண்டதையும் எண்ணியதையும் தன் போக்கில் வரையும் முறைக்குப் பாடசாலைகளில் இடந்தேடிக் கொடுத்தார். 1943இற் கொழும்பிலே லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் கூடிய '43 குழு'விலும் அவர் ஒருவர்.

வடக்கில் அக்காற்று வீசியது எஸ். ஆர். கனகசபை என்னும் சித்திரப் பரிசோதகர் வாயிலாக. 1938இல் அவர் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றைத் தொடக்கி, அதற்கு வின்ஸரின் பெயரையே இட்டார். பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் கூடி வரையவும், ஒருவர் படத்தை மற்றொருவர் பார்த்துக் குறை நிறை சொல்லவும் அங்கே இடமிருந்தது. ஆசிரியர் தாமே வரைபவராய் இருக்கவேண்டும் என்பது பெரிய விடயம். நீந்தத் தெரியாதவர் கரையிலிருந்து நீச்சல் கற்பிப்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒப்புவார்களா? சித்திரப் பாடத்தில் மட்டும் அதனை எல்லோரும் ஒப்புகிறோம்!

அவ்வழியிற் பின்னர் வந்தவர் ஓவியர் அ. மாற்கு. யாழ்ப்பாணத்துக் குருநகர் நம்மூர் போலக் கடலோடிகள் வாழும் இடம். அங்கே 1933இற் பிறந்து, கொழும்பு நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, ஊர் திரும்பி ஆசிரியரானார். 1950களின் இறுதியில் விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்ற பெயரில் வகுப்புத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள். பாடசாலை நேரசூசியில் இடம் இல்லையா, விடுமுறையில் வா. பரீட்சைக்கன்றி வரைவதற்காக வா. அவரிடம் பயின்றோரிற் பெண்கள் பலர். தாமும் வரைந்துகொண்டு, மாணாக்கர் ஒவ்வொருவரையும் அவரவர் கைப்போக்கில் வளரவிட்டவர் என்று அவரிடம் கற்றோர் எழுதியிருக்கின்றனர். 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்று அவருக்கொரு சிறப்பு மலர் வெளியிட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். ஆயுள் முழுதும் வரைந்த படங்களிற் பெரும்பகுதி அழிந்தது. 2000ஆம் ஆண்டிற் காலமானார். படங்கள் போயின, மாணாக்கர் இருக்கிறார்கள். கிறித்தவர் ஒருவரை இந்து இளைஞர் மேடையில் இவ்வளவு புகழ்வானேன் என்று இங்கே எவரும் கேளார் என்று நம்புகிறோம். தலவில் அன்னம்மாள் திருநாளுக்கும் உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கும் ஒரே வீட்டார் போய்வரும் கரை இது.

அந்த மரபில் வந்த தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிப்பவர். 2011இல் அவர் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். 'முற்றுப்பெறாத தோம்பு' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரினால் வீட்டை விட்டுப் பெயர்ந்தவர்களிடம் சென்று, "உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள்" என்று கேட்டார். பென்சில் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் வரைந்தார்கள். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று நடுங்கும் கோட்டிலே குறித்தார்கள். அந்தக் கோடுகளும், அவற்றைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக எழுதியதும், ஓவியர் அதிலிருந்து ஆக்கிய சித்திரமும், வீட்டுக்காரரின் கதையும் அருகருகே அந்நூலில் உள்ளன.

புத்தளம் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்தது இம்மாவட்டத்திலேதான். அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகளின் சிநேகிதர். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த வீட்டைக் காணாத பேரனுக்கு, பாட்டி ஒரு தாளில் நாலு கோடு கீறிக் காட்டினால் அது சித்திரமா, வரலாறா, உறுதிப்பத்திரமா? எழுத்தறியாதவருக்கும் கோடு உண்டு. அக்கோட்டைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு மலையைக் கொடுக்கிறோம்.

இனித் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். சித்திரத்தை நாம் சுவரில் மாட்டும் படமென்று மட்டும் எண்ணுகிறோம். வள்ளம் கட்டும் ஓடாவியாரைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணார். ஏராவை இட்டு, அணியம் இவ்வளவு உயரவேண்டும், வங்கு இவ்வளவு வளையவேண்டும் என்று அவர் கண்ணாலேயே அளந்து தீர்மானிக்கிறார். இக்கடலின் அலைக்கும் இம்மணற் கரைக்கும் பொருந்திய வடிவம் அது. பல தலைமுறையின் தீர்ப்பு அதில் இருக்கிறது. இப்போது கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் வள்ளங்கள். அச்சிலே வார்த்து எடுப்பவை, பராமரிப்பும் குறைவு. அவற்றை நாம் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்த அச்சை யாரோ ஒருவர் முதலில் வரைந்திருக்கவேண்டுமல்லவா? அவர் நம் கரையைச் சேர்ந்தவராய் ஏன் இருக்கக்கூடாது?

1958இல் இந்திய அரசு சார்ல்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியரை அழைத்து, வடிவமைப்புக் கல்வி எப்படி அமையவேண்டுமென்று அறிக்கை கேட்டது. நாடெங்கும் சுற்றிய அவர்கள் தாம் கண்ட பொருள்களிலெல்லாம் மிக அழகியதென்று வியந்து எழுதியது எதனைத் தெரியுமா? செம்பை. எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி அமரவேண்டும், கை எங்கே பிடிக்கவேண்டும், ஊற்றும்போது நீர் எப்படி விழவேண்டும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எப்படி நிற்கவேண்டும் என்று அந்தச் செம்பு எத்தனை கேள்விகளுக்கு விடை சொல்லுகிறது என அடுக்கிக் காட்டினார்கள். அவ்வறிக்கையின் பயனாக அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. மிஷன் பாடசாலை மேசையிலிருந்த உருளை நமக்குச் சொல்லாததை அமெரிக்கர் வந்து சொல்லவேண்டியிருந்தது என்பது சற்றே வெட்கந்தான்!

பிழைப்புக்கும் வழியுண்டு. மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் எனா டி சில்வா கிராமத்துப் பெண்களைக்கொண்டு பத்திக் துணியும் தையல் வேலையும் செய்வித்தார். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் 1966இற் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் அமைத்தபோது, நிலம் வாங்கப் பணம் தந்தது பத்திக் முதலிய கைவினைப்பொருள் விற்பனைதான். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக உண்டு. கொழும்பிற் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் உண்டு. மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டம் உண்டு. இத்தகைய நெறிகளுக்குப் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையில் அமர்ந்து வரைந்து காட்டவேண்டும். அங்கே இரண்டு மலை உதவாது.

ஆகவே கதவுகள் முன்னையிலும் அதிகம் திறந்திருக்கின்றன; அவற்றுக்குச் செல்லும் படிகளே இடிந்து கிடக்கின்றன. ஆறாம் வகுப்பிற் பிள்ளை ஓர் அழகியற் பாடத்தை எடுத்தே ஆகவேண்டும். வண்ணப் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அஜந்தாவும் சிகிரியாவும் இருக்கின்றன. ஆனால் சித்திரத்துக்கென்று பயின்ற ஆசிரியர் இல்லாத பாடசாலையில், கையில் நேரமுள்ள ஆசிரியர் யாரோ அவரே சித்திர ஆசிரியர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஆண்டில் அப்பாடவேளையே மறைந்து கணிதமாகிவிடுகிறது. சாதாரண தரத்திற் சித்திரம் எடுப்பவருக்கோ, பொங்கற் காட்சி, சந்தைக் காட்சி, பெரஹராக் காட்சி என்று நாலைந்து படங்களை ரியூசனில் மனப்பாடஞ் செய்விக்கிறார்கள். செய்யுளை மனப்பாடஞ் செய்வது கேள்விப்பட்டிருக்கிறோம். சித்திரத்தை மனப்பாடஞ் செய்வது நம் காலத்துப் புதுமை. சித்தி கிடைக்கிறது. சித்திரம் கிடைக்கவில்லை.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் நாலு சொல் தட்டினால் யந்திரமே படம் வரைந்து தருகிறது. இனி வரையப் பழகுவது எதற்கு என்று தம்பிமார் கேட்கிறார்கள். தம்பி, யந்திரம் பத்துப் படம் தந்தால் அவற்றில் எது நல்லதென்று நீதானே தெரியவேண்டும்? விநாயகர் படத்திற் கை எத்தனை, விரல் எத்தனை என்று எண்ணிப்பார்க்கும் கண்ணாவது உன்னிடம் இருக்கவேண்டும். மனப்பாடப் படத்தில் வளர்ந்த கண்ணுக்கு அதுவும் வராது.

நம் கோயிற் பந்தலுக்கே வருவோம். முன்பு திருவிழாவென்றாற் குருத்தோலை கிழித்துத் தோரணம் பின்னுவார்கள். கடதாசி வெட்டிக் கொடி ஒட்டுவார்கள். வரவேற்பு வளைவில் யாராவது ஒருவர் எழுத்து எழுதுவார். இப்போது பிளெக்ஸ் பதாகை. ஒரே முகம், ஒரே ரோசாப்பூ, ஒரே எழுத்து. திருவிழா முடிந்தபின் ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை. 1938இற் குஜராத்திலே ஹரிபுரா என்னும் கிராமத்திற் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, பந்தலை அலங்கரிக்கும்படி காந்தியடிகள் நந்தலால் போஸைக் கேட்டார். சாந்திநிகேதனத்தின் பேராசிரியர் அவர். அங்கே அல்பனா என்னும் தரைக்கோலத்தையும் பாடமாக வைத்திருந்தார்கள். அவர் தம் மாணாக்கரோடு கடதாசியிலே மேளகாரன், தச்சன், குயவன், மாட்டை அடக்குபவன் என்று நூற்றுக்கணக்கான படங்களைத் தடித்த கோட்டில் விரைவாக எழுதி, மூங்கிற் பந்தலெங்கும் மாட்டினார். வந்த கிராமத்தார் தங்களையே அதிற் கண்டார்கள். இன்று அப்படங்கள் இந்திய ஓவியத்தின் செல்வமென்று போற்றப்படுகின்றன. மூங்கிலும் கடதாசியும் மைப்பொடியும் குறிஞ்சிப்பிட்டியிற் கிடைக்காத பொருளா?

மன்றத்தாரிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. பாடசாலைக்குச் சித்திர ஆசிரியர் ஒருவரை நியமிக்கும்படி பெற்றோரின் கையொப்பத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும். எழுதித்தர நாம் ஆயத்தம். ஆசிரியர் வரும்வரை காத்திராமல், ஞாயிறு அறநெறி வகுப்பு முடிந்தபின் ஒரு மணிநேரம் மண்டபத்தைத் தாருங்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நாம் நடத்துகிறோம். நாம் இல்லாத நாட்களுக்கு ஊரிலே ஆசிரியர் இல்லையா? ஓடாவியார் ஒருநாள் வந்து வள்ளத்தின் வளைவை மணலிற் கீறிக் காட்டட்டும். வலை முடிவோர் ஒருநாள் வரட்டும். ஓலைப்பெட்டி பின்னும் ஆச்சி வந்து, நாலு மூலையில் தொடங்கிய ஓலை வாயில் எப்படி வட்டமாகிறதென்று காட்டட்டும். எம்மில் ஒருவருக்கும் அது இன்றுவரை விளங்கவில்லை. கோலம் போடும் அக்காமார் புள்ளிக் கணக்கைச் சொல்லித் தரட்டும். அடுத்த திருவிழாவுக்கு மேற்குவாயில் வளைவு ஒன்றையாவது பிளெக்ஸ்காரரிடம் கொடாமல் அந்தப் பிள்ளைகளிடம் விடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. அந்த ஒரு மணிநேரத்தில் உங்கள் பிள்ளை கெட்டுவிடாது, கணிதமும் குறையாது. முதல் ஞாயிறு மலையும் சூரியனும் வரையக்கூடாது என்பது ஒன்றே சட்டம். தாளும் பென்சிலும் அழிறப்பரும் நாம் கொண்டுவருகிறோம். மேசை நடுவில் வைத்து வரைவதற்குப் பழைய செம்பு ஒன்று மட்டும் வேண்டும். நசுங்கியதாயிருந்தால் இன்னும் நல்லது. யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் சொல்லுங்கள்.